வெள்ளைத் தாளின் முன் தயங்குபவர்களுக்கு: ஓவியக் குறிப்பேட்டை அட்டையிலிருந்து தொடங்குதல்

தடித்த தாளும் துணி அட்டையும் கொண்ட ஒரு நோட்டுப்புத்தகம் என் அலமாரியில் இரண்டு ஆண்டுகள் ஒரு கோடுகூட விழாமல் கிடந்தது. நல்ல யோசனை வரும்போது அதில் தொடங்கலாம் என்று காத்திருந்தேன். யோசனைகள் வராமல் இல்லை. வந்த ஒவ்வொன்றும் அந்த நோட்டின் முன்னால் சிறுத்துப்போனது. கடைசியில், பக்கங்களைத் திறக்காமல், அட்டைமீது மட்டும் பழைய காகிதத் துண்டுகளை ஒட்டத் தொடங்கிய ஒரு மாலையில்தான் அந்தத் தயக்கம் விலகியது. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் செல்கிறது: முதலில் அட்டை, அடுத்து பக்கங்களின் வெண்மையைப் போக்குதல், அதற்குப் பிறகே படம்.

ஓவியக் குறிப்பேடு, அதாவது ஆர்ட் ஜர்னல், என்பது வண்ணமும் கோடும் ஒட்டிய காகிதமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் கலந்து இருக்கக்கூடிய ஒரு நோட்டு. பயிற்சிக்காக வரையும் ஸ்கெட்ச் புத்தகத்தில் வரைதிறன் முக்கியம்; நாட்குறிப்பில் எழுத்து முக்கியம்; இதில் இரண்டும் கட்டாயமில்லை. லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் இன்று எஞ்சியிருக்கும் 7,000க்கும் மேற்பட்ட பக்கங்களில் இயந்திரப் படங்களுக்குப் பக்கத்திலேயே வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல்கள் கிடக்கின்றன. ஒரு பக்கம் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் இருக்கலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய அனுமதி தேவையில்லை.

பயம் எங்கே இருக்கிறது?

பயத்தைப் பொதுவாகப் பேசினால் அது போகாது. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லும்போது அதற்குள் வேறு வேறு பயங்கள் ஒளிந்திருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி உண்டு. "நல்ல நோட்டு கெட்டுப்போய்விடும்" என்பது பொருளைப் பற்றிய பயம். அதற்கு வீணானாலும் வருந்தாத நோட்டை எடுப்பதே தீர்வு. "எனக்கு வரையத் தெரியாது" என்பது திறமையைப் பற்றிய பயம். அதற்கு வரையத் தேவையே இல்லாத வேலைகளில் தொடங்க வேண்டும். "யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்பது பார்வையாளரைப் பற்றிய பயம். நோட்டை யாருக்கும் காட்டுவதில்லை என்ற முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டால் அதன் வலு பாதியாகிவிடும். உங்களைத் தடுப்பது இவற்றில் எது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது, எறிந்துவிட வேண்டாம்.

இவற்றோடு இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். வெறுந்தாளில் விழும் முதல் கோடு தனியாக நிற்கிறது. பார்ப்பதற்கு அங்கே வேறெதுவும் இல்லாததால் அதன் குறை முழுவதும் கண்ணில் படுகிறது. அதே கோடு, ஏற்கெனவே நிறமும் கறையும் எழுத்தும் உள்ள பக்கத்தில் விழுந்தால் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. வெண்மையை முதலில் போக்கச் சொல்வது இதனால்தான்.

நோட்டைத் தேர்ந்தெடுத்தல்

அளவில் ஏ5, அதாவது 148க்கு 210 மில்லிமீட்டர், புதியவர்களுக்கு ஏற்றது. இதைவிடப் பெரிய பக்கம் நிரப்ப முடியாமல் மிரட்டும். இதைவிடச் சிறியதில் காகிதம் ஒட்ட இடம் போதாது. தாளின் கனம் ஜி.எஸ்.எம். என்ற அளவில் சொல்லப்படுகிறது. ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதே அதன் பொருள். அச்சிடப் பயன்படும் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். தாள் ஈரம் பட்டதும் நெளியும், மையும் மறுபக்கம் ஊறும். 150 ஜி.எஸ்.எம்.க்கு மேற்பட்ட தாள் பசையையும் மெல்லிய வண்ணப் பூச்சையும் தாங்கும். நீர்வண்ணத்தைத் தாராளமாகப் பயன்படுத்த நினைத்தால் 300 ஜி.எஸ்.எம். தேவைப்படும், ஆனால் தொடக்கத்தில் அதற்கு அவசியம் இல்லை.

என்னைக் கேட்டால், முதல் குறிப்பேட்டுக்குப் புதிய நோட்டைவிடப் பயன்பாடு முடிந்த கெட்டி அட்டைப் புத்தகமே சிறந்தது. அதில் ஏற்கெனவே எழுத்துகள் அச்சாகியிருப்பதால் வெறுந்தாள் என்ற பிரச்சினையே எழுவதில்லை. நூலால் தைத்த பைண்டிங்காகப் பார்த்து எடுங்கள். பசையால் மட்டும் ஒட்டிய புத்தகத்தில் தாள்களைக் கிழிக்கத் தொடங்கினால் மற்றவையும் உதிரும். தாள்கள் மெல்லியதாக இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம். அடுத்து, நான்கு தாள்களுக்கு ஒன்று என்ற கணக்கில், தையலுக்கு அருகே இரண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டி எடுங்கள். பின்னால் காகிதமும் வண்ணமும் சேரச் சேரப் பக்கங்கள் தடிக்கும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் புத்தகத்தின் முதுகு பிளந்துவிடும்.

பொருள்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பி.வி.ஏ. எனப்படும் வெள்ளைப் பசை, தட்டையான ஒரு பிரஷ், அக்ரிலிக் வண்ணத்தில் இரண்டு நிறங்களும் வெள்ளையும், ஒரு பென்சில், நீர் பட்டால் கலையாத கறுப்புப் பேனா, வழித்துப் பூசுவதற்கு, காலாவதியான ஏ.டி.எம். அட்டை போன்ற பிளாஸ்டிக் அட்டை ஒன்று, மெழுகுத்தாள், ஒட்டுவதற்குக் கையில் கிடைக்கும் காகிதங்கள். இவை போதும். கருவிகளை வாங்கிக் குவிப்பது பல நேரங்களில் தொடங்குவதைத் தள்ளிப்போடும் வழியாகவே ஆகிவிடுகிறது.

அட்டையை அலங்கரித்தல்

அட்டை வேலையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அலங்காரம் என்பது பதற்றம் இல்லாத வேலை. இந்தக் காகிதம் அங்கே நன்றாக இருக்குமா, இங்கே நன்றாக இருக்குமா என்பதைத் தவிர அதில் பெரிய கேள்வி எதுவும் எழுவதில்லை. நகர்த்திப் பார்க்கலாம், பசை காய்வதற்குள் எடுத்து மாற்றலாம். அப்படிச் சின்னச் சின்ன முடிவுகளை எடுத்துக்கொண்டே போகும்போது கை வேலையில் இறங்கிவிடுகிறது. மனம் தீர்ப்புச் சொல்லத் தொடங்குவதற்குள் பாதி அட்டை முடிந்திருக்கும். தவிர, கடையிலிருந்து வந்தபடியே இருந்த பொருள் உங்கள் கைபட்ட பொருளாக மாறிவிடுவதால், அதைக் கெடுத்துவிடுவோமோ என்ற தயக்கமும் குறைகிறது.

அட்டை வழவழப்பாக இருந்தால் 220 எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, தூசியை உலர்ந்த துணியால் துடையுங்கள். சொரசொரப்பான பரப்பில்தான் பசை பிடிக்கும். பிறகு காகிதங்களைத் தேர்ந்தெடுங்கள். அஞ்சல் உறைகளின் உட்புறத்தில் இருக்கும் நீலக் கோட்டு வடிவங்கள், பழைய வரைபடத்தின் துண்டு, பொருள்களைச் சுற்றி வந்த பழுப்புத் தாள், பயன்படாத தையல் மாதிரித் தாள் போன்ற எதுவும் உதவும். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிப்பது நல்லது. கிழித்த விளிம்பு மெலிந்து நாராக இருப்பதால் பக்கத்துக் காகிதத்தோடு படிந்துவிடும். வெட்டிய விளிம்போ கோடுபோலத் தனித்துத் தெரியும். அச்சிட்ட தாளை உங்கள் பக்கமாக இழுத்துக் கிழிக்கும்போது கையில் வரும் துண்டின் ஓரத்தில் வெள்ளை இழை தெரியும். எதிர்ப்பக்கம் தள்ளிக் கிழித்தால் அது மறைந்துவிடும். இதை இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். எந்தப் பக்கம் வெள்ளை வேண்டும் என்பதை விரைவிலேயே விரல்கள் தெரிந்துகொள்ளும்.

எல்லாத் துண்டுகளையும் பசையில்லாமல் அட்டைமீது ஒருமுறை பரப்பிப் பார்த்துவிட்டு, பெரியவற்றை முதலில் ஒட்டுங்கள். பசையை மெல்லிய படலமாக அட்டையிலும் காகிதத்தின் பின்புறத்திலும் தடவி, காகிதத்தை வைத்து, பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வழித்துவிட வேண்டும். ஈரம் பட்ட காகிதம் விரிவதால் சிறு சுருக்கங்கள் எழும். காயும்போது அவற்றில் பல தாமாகவே இறுகிப் படிந்துவிடும். படியாதவை இருந்தாலும் அட்டை கெட்டுவிடாது, அடுத்த அடுக்கு அவற்றின்மீது வரும்.

புதியவர்கள் தவறவிடும் இடம் முதுகுக்கும் அட்டைக்கும் நடுவே உள்ள மடிப்புப் பள்ளம். காகிதத்தை அந்தப் பள்ளத்தின்மீது விறைப்பாக ஒட்டினால், புத்தகத்தை முதன்முறை திறக்கும்போதே அது கிழியும். பசை ஈரமாக இருக்கும்போதே நகத்தால் பள்ளத்துக்குள் அழுத்திவிட்டு, அட்டையை ஒருமுறை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். ஓரங்களில் காகிதம் ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்கட்டும். மூலைகளில், அட்டை முனையிலிருந்து ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தள்ளி, காகிதத்தைச் சாய்வாக வெட்டிவிட்டு, நான்கு பக்கமும் உள்ளே மடித்து ஒட்டினால் மூலை தடிக்காது.

இன்னும் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் காகிதம் ஒட்டிய அட்டை, பசை காயும்போது இழுபட்டு வெளிப்பக்கமாக வளையும். இதைத் தடுக்க, அட்டையின் உட்புறத்திலும் ஒரு தாளை ஒட்டுங்கள். இரு பக்க இழுப்பும் ஒன்றையொன்று சமன் செய்யும். பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டும்போது ஒரு பழைய உறையையே ஒட்டிவிட்டால், மிஞ்சிய துண்டுகளைப் போட்டுவைக்க ஒரு பை கிடைக்கும். பின்பு அட்டைகளுக்கும் பக்கங்களுக்கும் இடையே மெழுகுத்தாளை வைத்து மூடி, கனமான புத்தகங்களை அதன்மேல் ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்.

பக்கங்களின் வெண்மையைப் போக்குதல்

அடுத்த நாள் நோட்டைத் திறக்கும்போது முதல் பக்கத்துக்குப் போகாதீர்கள். முதல் பக்கம் புத்தகத்தின் முகமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு யாருக்கும் இருக்கும். அந்தச் சுமையைத் தொடக்கத்திலேயே ஏற்க வேண்டியதில்லை. நடுவில் எங்கேனும் திறந்து, ஒரே அமர்வில் எட்டுப் பத்துப் பக்கங்களுக்குப் பின்னணி மட்டும் போடுங்கள். எதையும் வரையக் கூடாது என்பது இந்த அமர்வின் விதி.

மிக எளிய வழி வழித்துப் பூசுதல். பக்கத்தின் மூலையில் பட்டாணி அளவு அக்ரிலிக் வண்ணத்தை வைத்து, பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். வண்ணம் சில இடங்களில் அடர்ந்தும் சில இடங்களில் தாள் தெரியும்படி மெலிந்தும் படியும். அந்தச் சீரின்மைதான் பக்கத்துக்கு ஆழத்தைத் தருகிறது. நிறங்களை வண்ணச் சக்கரத்தில் அருகருகே உள்ளவையாக, நீலமும் பச்சையும் போலவோ மஞ்சளும் ஆரஞ்சும் போலவோ, எடுத்துக்கொள்ளுங்கள். நீலமும் ஆரஞ்சும் போல எதிரெதிரானவை ஈரத்தில் கலந்தால் சேற்று நிறமாகிவிடும். அவற்றைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் முதல் நிறம் நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவதைப் பூசுங்கள். காய்ந்த அக்ரிலிக் நீரில் கரையாது.

இரண்டாவது வழி தேய்த்தெடுத்தல். சொரசொரப்பான மரப்பலகை, பின்னல் கூடை, இலையின் அடிப்பக்கம் என எதன்மீதும் மெல்லிய தாளை வைத்து, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அதன் அமைப்பு அப்படியே மேலெழும். ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925ஆம் ஆண்டில் தரைப்பலகைகளின் வரிகளைத் தேய்த்தெடுத்ததிலிருந்தே ஃப்ரொட்டாஜ் என்ற தமது முறையை வளர்த்தெடுத்தார். தேய்த்தெடுத்த தாளைக் கிழித்துப் பக்கத்தில் ஒட்டிவிடலாம்.

மூன்றாவது, கறையிலிருந்து உருவம் காணுதல். நீர் கலந்த மையைப் பக்கத்தில் சொட்டி, எதிர்ப்பக்கத்தை அதன்மேல் மூடி அழுத்தித் திறந்தால், திட்டமிட்டு யாராலும் வரைய முடியாத வடிவங்கள் கிடைக்கும். ஈரக்கறை படிந்த சுவர்களை உற்றுநோக்கினால் மலைகளும் போர்க்களங்களும் முகங்களும் தெரியும் என்று லியொனார்டோ ஓவியர்களுக்கு எழுதிவைத்தார். அலெக்சாண்டர் கோசன்ஸ் என்ற ஆங்கில ஓவியர், மைக்கறைகளிலிருந்து நிலக்காட்சிகளை உருவாக்கும் ஒரு முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்து வெளியிட்டார். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவும் தம் வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளில் வைத்திருந்த நாட்குறிப்பில் மைக்கறைகளை உருவங்களாக வளர்த்தார். வரையத் தெரியாதவர்களின் குறுக்குவழி என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். நன்றாக வரையத் தெரிந்தவர்களே இதைத் தேடிச் சென்றிருக்கிறார்கள்.

அக்ரிலிக் பூசிய இரண்டு பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தினால், காய்ந்த பிறகும் ஒட்டிக்கொள்ளும். சில நாள்களுக்கு இடையே மெழுகுத்தாளை வைத்திருங்கள். பிரஷைப் பயன்படுத்தியவுடன் கழுவிவிடுங்கள்.

முதல் பக்கம் என்று சொல்லத்தக்க பக்கம்

பின்னணிகள் காய்ந்த பிறகு, அவற்றில் உங்களுக்கு மிகவும் பிடிக்காததைத் தேர்ந்தெடுங்கள். பிடித்த பின்னணியில் தொடங்கினால் அதைக் கெடுக்கக் கூடாது என்ற பழைய பயம் வேறு உருவில் வந்து நிற்கும். பத்து நிமிடங்களுக்கு மணியை வைத்துக்கொள்ளுங்கள். பசையையும் வெள்ளை வண்ணத்தையும் தவிர மூன்று பொருள்கள் மட்டும்: ஒரு பென்சில், ஒரு பேனா, ஒட்டுவதற்கு ஒரு துண்டு. தெரிவுகள் குறைந்தால் தயக்கமும் குறையும்.

ஒட்டுவதற்கு எடுக்க வேண்டியது, தொடக்கத்தில் பயத்தை எழுதிவைத்த அந்தத் துண்டுத் தாளை. அதைக் கிழித்து, பசை தடவி ஒட்டி, மேலே வெள்ளை வண்ணத்தை மெல்லிய திரைபோலப் பூசுங்கள். எழுத்து படிக்க முடியாத அளவுக்கு மங்கி, ஆனால் அங்கே இருப்பது மட்டும் தெரியும். பூச்சு காய்ந்தபின் அதன்மீது உங்கள் இடக்கையைப் பார்த்து வரையுங்கள். நீங்கள் இடக்கைப் பழக்கமுள்ளவராக இருந்தால் வலக்கையை. வரையும்போது தாளைப் பார்க்காமல் கையை மட்டுமே பார்க்க வேண்டும். கண் கட்டைவிரலின் ஓரத்தில் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ, அதே வேகத்தில் பென்சிலும் நகரட்டும். கணுவின் சுருக்கத்தில் கண் நின்றால் பென்சிலும் நிற்கட்டும். முடிவில் கிடைப்பது கையைப் போல இருக்காது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், மணிக்கட்டு எங்கோ விலகியிருக்கும். ஆனால் அந்தக் கோடு பார்த்து வரைந்த கோடு, நினைவிலிருந்து எழுதிய குறியீடு அல்ல. கலைக்கல்வியில் நீண்டகாலமாக இருந்துவரும் இந்தப் பயிற்சி, சரியாக வரைய வேண்டும் என்ற நிபந்தனையையே நீக்கிவிடுவதால் பயந்தவர்களுக்கு மிகவும் பொருத்தமானது.

மணி அடித்ததும், ஓரத்தில் தேதியையும் அன்று கண்ணில் பட்ட ஒரு நிறத்தைப் பற்றி ஒரு வரியையும் எழுதிவிட்டு மூடிவிடுங்கள். பக்கம் முடியவில்லை என்று தோன்றுவது நல்லதே. அடுத்தமுறை எங்கே தொடங்குவது என்ற கேள்வி எழாது.

பக்கம் கெட்டுவிட்டது என்று தோன்றும்போது

கிழிக்காதீர்கள். ஒரு பக்கத்தைக் கிழித்தால் அடுத்த பக்கமும் கிழிபடக்கூடியது என்று மனம் கற்றுக்கொள்கிறது. கிழிக்காமல் விட்டால், எவ்வளவு மோசமான பக்கத்தோடும் நோட்டு தொடர்ந்து வளரும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. ஒருநாள் விட்டு மறுநாள் பாருங்கள். உறுத்துவது பக்கம் முழுவதுமா, ஒரு மூலை மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு மூலைதான். அந்த மூலைமீது ஒரு காகிதத்தை ஒட்டினால் போதும்.

முழுப் பக்கத்தையும் மறைக்க வேண்டுமென்றால் கெஸ்ஸோ உதவும். இது தாளின்மீது வண்ணம் பிடிக்க ஏற்ற, சற்றுச் சொரசொரப்பான வெள்ளைத் தளத்தைத் தரும் பூச்சு. இல்லாவிட்டால் வெள்ளை அக்ரிலிக்கும் போதும். முழுக்க மறைக்காமல் கீழிருப்பது ஆங்காங்கே தெரியும்படி பூசுவதே அழகு. ஆனால் ஆல்கஹால் மார்க்கரால் வரைந்திருந்தால், அதன் சாயம் எத்தனை முறை பூசினாலும் மேலே ஊறி வெளிவரும். அங்கே பூச்சைவிடக் காகிதத்தை ஒட்டுவதே பயன் தரும். எழுதுவதற்கு முன் வண்ணம் முற்றிலும் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈர அக்ரிலிக் பேனாவின் முனையை அடைத்துவிடும்.

தொடர்ந்து செய்தல்

முதல் பத்துப் பக்கங்கள் முடியும்வரை நோட்டை யாருக்கும் காட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாராட்டும்கூட இந்தக் கட்டத்தில் இடைஞ்சல்தான். பாராட்டு கிடைத்த பக்கத்தைப் போலவே அடுத்த பக்கத்தையும் செய்யக் கை முனையும். படம் எடுத்துப் பகிர்வதையும் அதுவரை தள்ளிவையுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட நாளுக்குப் பத்து நிமிடங்கள் மேல். நோட்டையும் பசையையும் எடுத்துவைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல், கண்ணில் படும் இடத்திலேயே வைத்திருங்கள். ஒன்றும் தோன்றாத நாளில் ஒரு பின்னணியைப் பூசுங்கள், அல்லது பின்னட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டுங்கள். அந்த நாளும் கணக்கில் சேரும். சித்திரத்தைக் கைப்பழக்கம் என்று சொல்லும் தமிழ், அதைக் கைத்திறன் என்று சொல்லவில்லை.

சில மாதங்களில் நோட்டு தடித்து, அட்டை மூடாமல் வாய் திறந்து நிற்கும். அகலமான எலாஸ்டிக் பட்டையாலோ துணி நாடாவாலோ கட்டிவையுங்கள். அந்த நிலையில் ஒன்றைக் கவனமாகச் செய்ய வேண்டும்: கடைசி நான்கைந்து பக்கங்கள் மீதமிருக்கும்போதே அடுத்த நோட்டை எடுத்துவிடுங்கள். புதிய நோட்டின் வெண்மை முன்போலவே தயங்கவைக்கும். எனக்கு ஒவ்வொரு நோட்டிலும் அப்படித்தான் நேர்கிறது. பழைய நோட்டின் பின்னட்டைப் பையில் எஞ்சிக் கிடக்கும் துண்டுகளில் ஒன்றை எடுத்து, புதிய நோட்டின் அட்டையில், நடுவிலிருந்து சற்று விலகிய ஓர் இடத்தில் முதலில் ஒட்டுங்கள்.